ஏழு என்று எண்ணினேன்

பெங்களூரில் கடல் இல்லை. ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து மலையிறங்கினால்தான் அலைச் சத்தம் கேட்கும். அந்த ஊரில் இருந்துகொண்டு இருபத்தொன்பது வருடம் கடல் நத்தைகளுக்குப் பெயர் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தேன். காக்ஸ் டவுனில் வீடு. இரண்டு பஸ் மாறினால் ஆய்வுக்கூடம். அங்கே மூன்றாவது மாடியில் ஸ்பிரிட் வாசனை அடிக்கும் ஒரு நீள அறை, சுவர் முழுக்கப் பாட்டில்கள். என் பதவி தொழில்நுட்ப உதவியாளர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்து இரண்டு வருடம் ஆகிறது.

அந்தப் பிரிவுக்கு இப்போது தலைவியாக இருக்கும் பொற்கொடி போன மாதம் போன் செய்தாள். அவளும் தூத்துக்குடி நண்பர்கள் சிலரும் கடலுயிர்களுக்காகத் தமிழில் ஒரு இதழ் நடத்துகிறார்கள்.

"அக்கா, இப்ப உள்ள பிள்ளைய எல்லாம் போன்ல படத்தப் போட்டு ரெண்டு நிமிசத்துல பேரு வாங்கிருதுக. நாம எப்படிப் பாத்தோம்னு எழுதிக் குடுங்க. அந்த வெள்ள ஓடிலி கதைய எழுதுங்க. அதுல நீங்கதான ஹீரோயின்."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஹீரோயின் என்ற சொல்லைத்தான் விழுங்க முடியவில்லை.

முதலில் ஓடிலி. நத்தைக் குடும்பம்தான், ஆனால் முதுகில் ஓடு கிடையாது. பிரிவில் எல்லோரும் 'ஸ்லக்' என்பார்கள். என் நோட்டில் நான் ஓடிலி என்று எழுதினேன். பாறையிடுக்கிலும் பவளத்தின் மேலும் ஊரும். கட்டைவிரல் நீளம் இருந்தால் பெரியது. தலையில் மோப்பம் பிடிக்க இரண்டு கொம்பு. முதுகின் பின்பக்கம் பூக்கொத்து மாதிரி விரிந்திருப்பது செவுள். மூச்சு விடுவது அதனால்தான். நிறம் பட்டுப்புடவைக் கடையில் இருக்கிற அத்தனையும் உண்டு. ஸ்பிரிட்டில் போட்ட சில நாளில் எல்லா நிறமும் போய், வேகவைத்த பூண்டுப்பல் மாதிரி ஆகிவிடும். செவுளும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே நிறத்தையும் செவுளையும் உயிரோடு இருக்கும்போதே பார்த்து எழுதியாக வேண்டும். நாக்கில் ஒரு நாடா, அந்த நாடாவில் வரிசை வரிசையாகப் பற்கள். அவை மட்டும் செத்த பிறகும் அப்படியே இருக்கும்.

"நத்தைக்குப் பல்லு இருக்குன்னு வெளில சொல்லிட்டுத் திரியாத" என்பார் என் கணவர். "பையனுக்குப் பொண்ணு குடுக்க வர்றவங்க பயந்துருவாங்க."

நான் சேர்ந்தபோது விலங்கியல் பட்டமும் நல்ல கையெழுத்தும்தான் கையிருப்பு. முதல் மூன்று வருடம் லேபிள் எழுதினேன், பாட்டிலில் ஸ்பிரிட் குறைந்தால் ஊற்றினேன், கிளிஞ்சல்களை அளந்தேன். அதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது பிரிவின் தலைவர் தணிகாசலம் சாரைப் பற்றித்தான்.

பெங்களூரிலேயே பிறந்தவர். கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு பாட்டிலைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தால், லேபிளில் பெயர் இருக்கும் இடத்தை இடது கட்டைவிரலால் மூடிக்கொள்வார். "பேரு கடைசில. மொதல்ல என்ன பாத்த, சொல்லு" என்பார். நாம் சொல்லி முடிக்கும்வரை விரல் எடுபடாது. சொன்னது சரியாக இருந்தால் "ஹௌது" என்று கன்னடத்தில் ஒரு சொல், ஆமாம் என்று அர்த்தம். தவறாக இருந்தால் எதுவும் சொல்லாமல் பாட்டிலை நம் பக்கம் ஒரு அங்குலம் நகர்த்துவார். அந்த ஒரு அங்குலத்துக்கு நான் பயந்த மாதிரி எதற்கும் பயந்ததில்லை.

அலுவலகப் பதிவேடு ஆங்கிலத்தில் இருக்கும். சொந்தக் குறிப்பேட்டை அவரவர் விரும்பிய மொழியில் வைத்துக்கொள்ளலாம். பிரிவை விட்டுப் போகும்போது அதை ஒப்படைத்துவிட வேண்டும். நான் தமிழில் எழுதினேன். சேர்ந்த புதிதில் ஒரு நாள் சார் அதை வாங்கிப் படித்தார். ஒரு கிளிஞ்சலின் வரிகளைப் பற்றி "இருபத்திரண்டு என்று எண்ணினேன்" என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லின் மேல் கட்டைவிரலை வைத்தார்.

"ஏம்மா ஸ்டெல்லா, இது எந்த எண்ணினேன்? ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுனியா, இல்ல இருபத்திரண்டு இருக்கும்னு மனசுல எண்ணுனியா?"

"கணக்குப் பண்ணித்தான் சார்."

"அத நீ சொல்லித்தான் எனக்குத் தெரியுது. நோட்டு சொல்லல. நம்ம பாஷையில ரெண்டுக்கும் ஒரே சொல்லு. நீயும் நானும் செத்தப்புறம் இந்த நோட்டப் படிக்கிறவன் யாரைக் கேப்பான்?"

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் தமிழ்க் குறிப்பில் 'எண்ணினேன்' தடைசெய்யப்பட்ட சொல். எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும். கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி மூன்று முறை எண்ண வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி. மூன்று குச்சி இருந்தால் எண்ணியது. குச்சி இல்லாவிட்டால் நினைத்தது. தவறாக எழுதியதை ரப்பரால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்த சொல் படிக்கத் தெரிய வேண்டும். மேலே சரியான சொல், பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. இந்த ஒழுங்கெல்லாம் எனக்குச் சுலபமாக வந்தது. வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளைக்கூட டைரியில் குறிப்பவள் நான்.

கடலை நான் முதலில் பார்த்தது முப்பதாவது வயதில். கர்நாடகக் கரையில் கார்வார் பக்கம் பாறைக் குட்டைகளில் உயிரினம் சேகரிக்க ஒரு குழு போனது. எழுதுவதற்கு ஒரு ஆள் வேண்டுமென்று என்னையும் சேர்த்தார்கள். படகில் ஏறிய கால்மணி நேரத்தில் வாந்தி எடுத்தேன். மறுநாள் படகு வேண்டாம் என்று கரையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். நீர் வற்றும் நேரத்தில் பாறைகளில் தனியாக ஊர்ந்துகொண்டிருந்தேன். ஒரு குட்டையில் அது இருந்தது.

வெள்ளை. வெறும் வெள்ளை இல்லை, வேட்டியை நீலம் போட்டு அலசிய வெள்ளை. முதுகில் கருநாவல் நிறத்தில் புள்ளிகள். ஓரத்தில் சுற்றிலும் மாம்பழ மஞ்சளில் ஒரு கரை. செவுள் விரிந்திருந்தது. நான் குனிந்ததும் என் நிழல் விழுந்து சுருங்கத் தொடங்கியது. நோட்டை எடுத்தேன், படம் போட்டேன், நிறம் எழுதினேன். செவுளில் என் பக்கம் நான்கு கிளை தெரிந்தது. மறுபக்கம் தெரியவில்லை. சுற்றிப் போய்ப் பார்க்கலாமென்று எழுந்தபோது நீர் ஏற ஆரம்பித்திருந்தது. பாறையில் கால் வழுக்கி, உள்ளங்கை கிழிந்தது. அதை ஸ்பிரிட் பாட்டிலில் எடுத்துப் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடி வந்து, மணலில் உட்கார்ந்து மிச்சத்தை எழுதினேன். பக்கத்தின் கடைசி வரி: "செவுள் கிளை ஏழு என்று எண்ணினேன்."

தடைசெய்த சொல் என்று தெரியும். கை தானாக அதற்குத்தான் போனது.

பாட்டிலின் மூடியில் விரிசல். பெங்களூர் வந்து சேர்வதற்குள் ஸ்பிரிட் முழுக்கக் கசிந்து, உள்ளே இருந்தது உலர்ந்த வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. சார் பார்த்தார், நோட்டைக் கேட்கவில்லை. அந்தக் கரையில் வெள்ளை உடம்பு, கரும்புள்ளி, மஞ்சள் கரை என்று சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு இனம் உண்டு. "அதாத்தான் இருக்கும். சருக வெச்சு என்ன சொல்றது. லேபிளோட ரேக்ல வை" என்றார். வைத்தேன். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது.

பொற்கொடி பல வருடம் கழித்து வந்தாள். என்னைவிடப் பதினான்கு வயது இளையவள், முனைவர் பட்டத்தோடு விஞ்ஞானியாக நேரடியாகச் சேர்ந்தாள். அப்பா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குவாள். வந்த முதல் வாரமே சார் கொண்டுவந்து வைத்த ஒரு பாட்டிலைப் பார்த்து, அவர் கட்டைவிரலை வைப்பதற்கு முன்பே, "சார், இது உசிரோட இருக்கையில இப்படி வெறச்சிட்டு இருக்காது. ஓரத்த மடிச்சு மடிச்சு, பாவாட தூக்கிட்டு நடக்க மாரிப் போகும்" என்று கையால் நடந்து காட்டினாள். சார் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

அன்று டைரியில் நான் எழுதியது இவ்வளவுதான்: "புதிய விஞ்ஞானி சேர்ந்தார். சார் சிரித்தார்." இப்போது படித்தால் அந்த இரண்டு வரிக்கு நடுவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிகிறது.

அவள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அக்கா, அக்கா என்று காலைச் சுற்றி வருவாள். ஊரிலிருந்து வரும்போது எனக்கென்று தனியாக மக்ரூன் பொட்டலம் இருக்கும். அதையெல்லாம் வாங்கித் தின்றுகொண்டே பொறாமைப்பட்டேன். என் பாட்டில்களை அவள் உயிரோடு பார்த்திருந்தாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. லேபிளில் நான் அழகாக எழுதி வைத்த ஒவ்வொரு பெயருக்கும் அவளிடம் ஒரு நடை, ஒரு நிறம், அது எதைத் தின்னும் என்ற ஒரு கதை இருந்தது. என்னிடம் பூண்டுப்பல் இருந்தது.

ஒரு டிசம்பரில் கார்வார் பக்கத் தீவொன்றுக்குப் போயிருந்த பொற்கொடி போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். தண்ணீருக்கடியில் பாறை, அதன்மேல் வெள்ளையாக ஒன்று ஊர்கிறது. கருநாவல் புள்ளி. மாம்பழக் கரை. நான் மைக்ரோஸ்கோப் முன்னால் இருந்தேன். வீடியோவை ஒன்பது முறை பார்த்தேன். செவுள் பக்கம் கேமரா போவதற்குள் அது சுருங்கிவிட்டது. பின்னாலேயே போன் வந்தது.

"அக்கா, பாத்தியளா? நம்ம சாதாரண வெள்ளையா இது? புள்ளி கூட இருக்கு. எனக்கு என்னவோ வேற சாமான்னு தோணுது."

"சாதாரணமானதுதான். புள்ளி கூடக் கொறைய இருக்கும்" என்றேன்.

"பழைய ரெஜிஸ்டர்ல இது மாரி எதும் இருக்கான்னு பாக்கியளாக்கா?"

"பாக்கறேன்."

பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. என் ஐந்தாவது குறிப்பேட்டில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

அவள் கொண்டுவந்த விலங்கு முறையாகப் பதப்படுத்தப்பட்டிருந்தது. மூடியில் விரிசல் இல்லை. ஆனால் செவுள் முழுக்க உள்ளே போயிருந்தது. அது சாதாரண வெள்ளையா வேறா என்று முடிவு செய்ய இரண்டு வழிகள் இருந்தன. செவுள் கிளை சாதாரண வெள்ளையில் பதினொன்றுக்குக் குறையாது. வேறு கடலில் மட்டும் இதுவரை கிடைத்திருந்த இன்னொரு இனத்தில் ஏழு. அது இங்கே எண்ண முடியாமல் போய்விட்டது. மிச்சமிருந்தது பல். சாதாரணமானதற்கு ஒவ்வொரு பல்லும் வழுவழுப்பான கொக்கி. மற்றதற்குக் கொக்கியின் உள்விளிம்பில் சீப்பு மாதிரி நுண்ணிய வெட்டுகள். பிரிவில் பல் எடுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சார் பாட்டிலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

எடுத்தேன். வாயருகே கத்தரியின் நுனியால் ஒரு கீறல், குண்டூசித் தலை அளவில் ஒரு சதை உருண்டை வெளியே வரும். அதைக் காரக் கரைசலில் போட்டு மூடி வைக்க வேண்டும். சதை கரையும், பல் நாடா கரையாது. அவசரப்பட்டுச் சூடாக்கினால் நாடா சுருண்டு ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. ஒரு நாள் விட்டு, ஊசிநுனியால் தூக்கி, மூன்று கிண்ணம் நல்ல தண்ணீரில் அலசி, ஸ்லைடில் பற்கள் மேலே பார்க்கும்படி விரிக்க வேண்டும். மூச்சு பட்டால் பறந்துவிடும். விரிக்கும்போது முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வேன்.

அந்த நாடாவைக் கெடுத்துவிடலாம் என்ற யோசனை வந்தது. உண்மையை எழுதவேண்டும் என்பதால் எழுதுகிறேன். சூடாக்கும் அடுப்பு ஒரு முழம் தள்ளி இருந்தது. யாரும் கேட்கப்போவதில்லை, இருப்பது ஒரே விலங்கு, சில நேரம் அப்படி ஆவது உண்டு. கையை அந்தப் பக்கம் நீட்டவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. இருபது வருடப் பழக்கத்தில் கை கெட்ட ஸ்லைடு செய்ய மறுத்துவிட்டது. என் வாழ்நாளிலேயே ஆகச் சிறந்த ஸ்லைடு அதுதான். ஒரு பல் மடியவில்லை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். வரிசை வரிசையாகச் சீப்புகள்.

பொற்கொடி பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, உங்க கைக்கு வளையல் போடணும்க்கா. இந்தக் கரையில மொதப் பதிவு இது." வராந்தாவுக்கு ஓடி அப்பாவுக்குப் போன் போட்டாள். "யப்பா, ஒரு சாமான் கண்டுபிடிச்சிருக்கேன். இந்தப் பக்கத்துக் கடல்ல நாந்தான் மொதல்ல பாத்தது. ஆமா, நாந்தான்" என்று அவள் சொன்னது கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டது.

'நாந்தான்' என்ற அந்தச் சொல் என்னை எழுப்பியது. பீரோவைத் திறந்து ஐந்தாவது குறிப்பேட்டை எடுத்தேன்.

பக்கம் நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. நிறங்கள் அப்படியே. படம் தெளிவு. ஆனால் நிறமும் புள்ளியும் சாதாரண வெள்ளைக்கும் பொருந்தும். சருகை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. என் விலங்கும் பொற்கொடியின் விலங்கும் ஒன்று என்று சொல்ல அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு சாட்சி: ஏழு. அந்த ஏழுக்குப் பக்கத்தில் குச்சி இல்லை.

பென்சிலைச் சீவினேன். மூன்று குச்சி, மூன்று விநாடி. பழைய பென்சில் கோடும் புதுக் கோடும் வித்தியாசம் தெரியாது. சீவிய பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு டப்பாவில் போட்டேன். அதைப் பெரிய நேர்மை என்று கருதிக்கொண்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு சார் அறைக்குப் போனேன்.

சார் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். இடத்தின் பெயர், நேரம், நீர்மட்டம், நிறம். உலர்ந்த பாட்டிலின் லேபிளை ஒப்பிட்டார். கடைசி வரிக்கு வந்ததும் கட்டைவிரல் ஏழின் மேல் போய் உட்கார்ந்தது. சொல் மட்டும் வெளியே தெரிந்தது.

"ஏம்மா, இந்தச் சொல்லு எப்படி உள்ள வந்துச்சு?"

"தண்ணி ஏறிக்கிட்டு இருந்துச்சு சார். கை வேற கிழிஞ்சிருந்தது."

"குச்சி இல்ல."

"நேரம் இல்ல சார்."

அவர் விரலை எடுக்கவில்லை. "அவசரம் ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போ, காப்பி குடி, நாளைக்கு வந்து சொல்லு. எண்ணுனியா, நெனச்சியா. நீ என்ன சொல்றியோ அதுதான் பேப்பர்ல போகும். நான் ரெண்டாந்தரம் கேக்க மாட்டேன்."

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "இத்தன வருசம் கழிச்சு எவனுக்கு ஞாபகம் இருக்கும். எண்ணிருப்ப. நீ எண்ணாம எத விட்ட" என்றார். அவர் சொன்னது என்னைப் பற்றி ஊரே சொல்லக்கூடியதுதான். ஆனால் எனக்கு ஞாபகம் இருந்தது. என் பக்கம் தெரிந்த நான்கு கிளையும் இன்றுவரை கண்ணில் இருக்கின்றன. மறுபக்கத்துக்கு இன்னும் மூன்று இருக்கும் என்று மணலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டேன். அது எந்த எண்ணம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் சார் மேஜை முன்னால் நின்று, "எண்ணினேன் சார்" என்றேன்.

எண்ணுனேன் என்று பேச்சு வழக்கில் வரவில்லை. நோட்டில் இருந்தபடியே, அச்செழுத்து மாதிரி, எண்ணினேன் என்று வந்தது. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு நோட்டை என் பக்கம் ஒரு அங்குலம் நகர்த்தினார்.

கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது பொற்கொடியுடையது. இந்தக் கரையில் முதலில் பார்த்தவர் என்று என் பெயரும், என் குறிப்பேட்டின் எண்ணும், ஏழும் அச்சாகின. பொற்கொடியிடம் சார்தான் சொன்னார். அவள் என் மேஜைக்கு வந்து பக்கத்தைப் பார்த்தாள்.

"இத்தன வருசம் முன்னாடியே பாத்துட்டு, கேட்டப்பக்கூடச் சொல்லாம இருந்திருக்கியளேக்கா" என்றாள். சிரிக்க முயன்றாள். "மறந்துட்டியளோ?"

"மறந்துட்டேன்."

அவள் வராந்தாவுக்குப் போனாள். இந்த முறை நடந்துதான் போனாள். "யப்பா, அன்னிக்கு ஒண்ணு சொன்னேம்லா, அது நா இல்ல. எனக்கு முன்னாடியே இங்க ஒரு அக்கா பாத்திருக்காங்க. இல்ல, இல்ல, வருத்தம் என்ன. அவங்க ரொம்பக் கரெக்டா எழுதுதவங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் லேபிள் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்து பிசகாமல் எழுதி முடித்தேன்.

கட்டுரை வந்தபிறகு பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அடுத்த டிசம்பரில் பொற்கொடி அதே தீவில் மறுபடி இறங்கினாள். தண்ணீரில் எழுதுவதற்கென்று ஒரு வெள்ளைப் பலகை வைத்திருப்பாள். அனுப்பிய வீடியோவில் ஓடிலி பாறைமேல் இருக்கிறது, செவுள் முழுக்க விரிந்திருக்கிறது. அவள் நிழல் படாமல், அவசரப்படாமல், அதைச் சுற்றி ஒரு வட்டம் நீந்துகிறாள். மறுபடி ஒரு வட்டம். மூன்றாவது வட்டம். ஒவ்வொரு வட்டம் முடிந்ததும் பலகையில் ஒரு கோடு. கடைசியில் பலகையைக் கேமராவுக்கு நேராகப் பிடிக்கிறாள். 7, பக்கத்தில் மூன்று குச்சி. எங்கள் பிரிவின் குச்சிகளைக் கடலுக்கடியில் போட்ட முதல் ஆள் அவள்தான்.

திரும்பி வந்ததும் சொன்னாள்: "அக்கா, உங்க ஏழு சரிதான்க்கா."

என் ஏழு. அது சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. தவறாக இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள், நானும் சொல்லியிருப்பேன். சரியாகிவிட்டதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. சார் அதே வருடம் ஓய்வு பெற்று மைசூருக்குப் போனார். பிரிவுபசாரத்தில் எல்லோரிடமும் ஒரு வார்த்தை பேசினார். என்னிடம், "கையெழுத்த விட்றாதம்மா" என்றார். சொன்னபடி இரண்டாம் முறை கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை.

பொற்கொடி கேட்ட இந்தக் கட்டுரைக்காக நேற்று ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். அவள் மீட்டிங்கில் இருந்தாள். ஓய்வு பெறும்போது நான் ஒப்படைத்த குறிப்பேடுகள் அலமாரியில் வரிசை கலையாமல் இருந்தன. ஐந்தாவதை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கடைசி வரியில் 'எண்ணினேன்' என்ற சொல்லின் மேல், அது படிக்கத் தெரியும்படி, ஒற்றைக் கோடு போட்டேன். மேலே 'நினைத்தேன்' என்று எழுதினேன். பக்கத்தில் சுருக்கொப்பம், நேற்றைய தேதி.

நோட்டை அவள் மேஜையில் திறந்தபடியே வைத்து, பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்கச் சருகு இருக்கும் பாட்டிலை மேலே வைத்தேன். அச்சான கட்டுரைக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும். முதல் பதிவு யாருடையது என்று மாற்றி எழுத வேண்டும். அதில் கையெழுத்துப் போட எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன் என்று ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதினேன். அவள் அப்பா இன்னும் இருக்கிறார். அவருக்கும் ஒரு போன் போட வேண்டியிருக்கும்.

கிளம்புவதற்கு முன் அவள் கம்ப்யூட்டரில் அந்த வீடியோ இருக்கிறதா என்று அங்கிருந்த ஒருவரைக் கேட்டேன். போட்டுக் காட்டினார். மூன்று வட்டத்தையும் நின்றபடியே பார்த்தேன். பலகை வந்தது. அலையில் அவள் கை ஆடுகிறது, பலகை ஆடுகிறது. குச்சிகள் மூன்றும் ஒரே நீளத்தில், ஒரே இடைவெளியில் நிற்கின்றன. அந்தப் பழைய பொறாமை, அதே இடத்திலேயே மறுபடி வலித்தது.